நான்காவது கல்

சிரம்பானை அடுத்த மம்பாவைத் தாண்டிச் செம்மண் சாலை பிரியும் இடத்தில் பேருந்து என்னை இறக்கிவிட்டபோது காலை ஒன்பது மணி. 1996, செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை. நல்லசாமி தன் மோட்டார் சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு, சாக்கில் சுற்றிய பாராங் கத்தியோடு காத்திருந்தான்.

"என்ன டீச்சர், கல்லு தேட கைப்பையோட வந்திருக்கீங்க? பசாருக்குப் போற மாதிரியில்ல இருக்கு."

"பைக்குள்ளதான் சாமான் இருக்கு."

"நான் மண்வெட்டி, நூலு, டேப்பு எல்லாம் வரும்னு நெனச்சேன்லா."

துவாலையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினேன். கைக்கு அடக்கமான சாம்பல் நிறப் பெட்டி. முகத்தில் சின்னத் திரை. தலையில் கட்டைவிரல் போல ஒரு கொம்பு. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் கேட்டு நாம் நிற்கும் இடத்தை எண்ணாகச் சொல்லும் ஜி.பி.எஸ். போக வேண்டிய இடத்தின் எண்ணைக் கொடுத்தால் அம்புக்குறி காட்டி, இன்னும் எத்தனை மீட்டர் என்றும் சொல்லும். என் பள்ளியில் கணிதம் கற்பிக்கும் சொக்கப்பனுடையது அது. விடுமுறை நாட்களில் போர்ட்டிக்சனில் படகெடுத்து மீன் பிடிக்கப் போகிறவர். கொடுக்கும்போதே எச்சரித்தார்.

"இத நம்பி வேலி போட்டுறாதீங்க டீச்சர். அமெரிக்காக்காரன் வேணும்னே கொஞ்சம் பிசகா அனுப்புறான். கடல்ல பரவால்ல. தரையில அம்பது மீட்டர், நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். பக்கத்துல கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அப்புறம் உங்க கண்ணுதான்."

பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு வேண்டியவை நான்கு கற்கள். அப்பா எனக்கு விட்டுப்போன மூன்று ஏக்கரின் நான்கு மூலைகள்.

அப்பாவை இந்தப் பக்கத்தில் சின்னத்துரைக் கிராணியார் என்றால் தெரியும். சிரம்பானில் இருந்த ஆதப்பன் செட்டியாரின் ரப்பர்த் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் ஆட்களின் பெயர் வாசித்துக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். 1974இல் செட்டியார் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு ஊருக்குப் போனபோது, அப்பாவின் உழைப்புக்கென்று ஓரமாக மூன்று ஏக்கரை எழுதிக் கொடுத்தார். அப்போது தோராயமாக அளந்து கல் நட்டதோடு சரி, கிடைத்த பட்டா தற்காலிகமானது. இறுதி அளவை பிறகு நடக்கும் என்றார்கள். அந்தப் 'பிறகு' வர இருபத்திரண்டு வருடமாயிற்று. வருகிற புதன்கிழமை சர்வேயர் வருகிறார். பழைய கற்கள் இருந்தால் அவற்றையே எல்லையாக ஏற்றுக்கொள்வார்.

மூன்று கற்கள் எங்கே இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. நான்காவது கல் சாலையோரம் இருக்க வேண்டும். இருந்தால் என் நிலம் சாலையைத் தொடும். வீடு கட்ட அனுமதி கிடைக்கும். சாலைக்குக் கீழே ஓடும் ஓடையோடு எல்லை நின்றுவிட்டால் அது வழியில்லாத வெறும் காடு.

எனக்கு அந்த வீடு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போவது விளங்காது.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. திருமணம் ஆகவில்லை. ரஹாங்கில் அண்ணன் சீவரத்தினத்தின் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் என்னோடு அரிசி மூட்டையும் இஸ்திரி மேசையும் இருந்தன. நான் படுத்திருக்கும்போதே யாராவது வந்து விளக்கைப் போட்டு அரிசி அள்ளுவார்கள். மன்னிப்புக் கேட்பார்கள், கேட்டுக்கொண்டே அள்ளுவார்கள். "மங்கை இல்லாட்டி இந்த வீடு நடவாது" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மங்கையற்கரசி என்ற என் முழுப் பெயர் பள்ளிப் பதிவில் மட்டும்தான் இருந்தது. நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது அண்ணன் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை.

"வித்துப்போட்டுப் பேசாமல் இரு. உனக்கு என்னத்துக்குத் தனி வீடு? இஞ்ச என்ன குறை?"

உள்ளே இருந்து பூட்டக்கூடிய ஒரு கதவு. அதுதான் குறை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நல்லசாமி அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டம் கைமாறிய பின்னும் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் மிஞ்சியிருந்த வீடொன்றில் தங்கி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். புதர் வெட்ட ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பியதும் அவனே வந்தான். கூலி வேண்டாம் என்றான்.

"கிராணி வூட்டுக்கு ஒரு நாள் சும்மா ஒழச்சா தேஞ்சா போயிருவேன்? எங்க ஆளுங்க எத்தன வருசம் ஒழச்சாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

முதல் கல்லுக்கே அரை மணி நேரம் ஆயிற்று. பால் வெட்டாமல் விட்ட கிழட்டு ரப்பர் மரங்கள் மேலே கூரை போல அடைத்திருந்ததால் பெட்டிக்கு வானம் தெரியவில்லை. நான் அதை ஆரத்தித் தட்டு போல ஏந்திக்கொண்டு வெளிச்சம் விழும் இடமாகத் தேடி நின்றேன். திரையில் எண்கள் ஒரு நொடி கூட நிலையாக நிற்கவில்லை. பதினெட்டு மீட்டர் என்றது, நான் நகராமலேயே முப்பத்தொன்று என்றது, பிறகு ஒன்பது. ஒன்பதில் ஒரு மாடு படுத்திருந்தது.

"இந்தா, ஒங்க கல்லு. வாலாட்டுது" என்றான் நல்லசாமி. "இதுக்கு எங்க லயத்து நாயே மேல்லா."

உண்மையான கல் மாட்டிலிருந்து இருபது அடி தள்ளிப் பெரணிப் புதருக்குள் கிடந்தது. இரண்டாவது கல் பெட்டி காட்டிய இடத்திலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி. மூன்றாவது கல்லின் மேல் ஒரு பலா மரம் வேர்விட்டிருந்தது. ஒவ்வொரு கல்லும் அகப்பட்டபோது நான் அதன் தலையைத் துடைத்து, ஈரத்தோடு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். சின்னப் பிள்ளை போல மகிழ்ச்சியாக இருந்தேன். சமையலறை கிழக்குப் பார்த்து வரவேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாவது கல்லருகே மேட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். நல்லசாமி இலையைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மா சொல்லும். கிராணி வூட்டுல பாக்கும்போதே பசிக்கிற மாதிரி மாவு அவிப்பாங்கன்னு. வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்திருக்கு போல."

"உன் அம்மா பேரு..."

"ராக்கம்மா. ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது."

இருந்தது. உயரமான பெண். தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அப்பா பெயர் வாசிக்கும்போது, மற்ற பெண்களெல்லாம் "சாமி" என்று முணுமுணுக்க, இவள் மட்டும் கணீரென்று "இருக்கேன்யா" என்பாள். எங்கள் வீட்டு அடுப்படிவரை அது கேட்கும்.

"எங்கம்மா செத்த அன்னைக்கு எனக்கு ஒம்பது வயசு" என்றான் அவன். "ஓடையில வெள்ளம். ரெண்டு நாள் கழிச்சு கீழ பாசிர் பக்கம் எடுத்தாங்க. பாலத்துலேருந்து வழுக்கி வுழுந்துருச்சின்னு கிராணி ஐயா சொன்னாரு. அதான் வருசா வருசம் பாலத்துல வெத்தல பாக்கு, ரொட்டி, கோப்பி எல்லாம் வச்சிக் கும்புடுறேன்."

நான் புட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு டீச்சர். அன்னைக்கு அது சர்வே வேலைக்குத்தான் போச்சு. வெள்ளையும் செவப்புமா ஒரு கம்பு இருக்குமில்ல, அதப் புடிச்சுக்கிட்டு மூலையில நிக்கணும். நேரா நின்னாத்தான் தூரத்துலேருந்து சர்வேயருக்குத் தெரியும். ஒசரமா இருக்குன்னு எங்கம்மாவத்தான் நிக்கச் சொன்னாங்களாம். வேலைக்கு நின்ன ஆளு பாலத்துக்கு எதுக்குப் போவுது?"

"மழைக்கு ஒதுங்கப் போயிருக்கலாம்."

"யாரு, அதுவா?" என்று சிரித்தான். "ஒங்களுக்குத் தெரியாது. கிராணி பேரு கூப்புட்டாத்தான் வேலைக்கு எறங்கணும். கிராணி கூப்புட்டாத்தான் கரையேறணும். நடுவுல நகர்ந்தா அன்னைக்குப் பேரு கெடையாது, கூலியும் கெடையாது. எங்கம்மா பாம்பு வந்தப்பகூட நின்ன எடத்துலேருந்து நகராதாம். ஐயா கூப்புடட்டும்னு நிக்குமாம்."

இலையை மடித்து எறிந்தான். "செத்த எடம் தெரிஞ்சா போதும் எனக்கு. அங்கயே ஒரு வெளக்கு வச்சிட்டுப் போயிருவேன்."

நான் நான்காவது எண்ணைப் பெட்டிக்குள் அழுத்தினேன்.

இந்த எண்களை எனக்குக் கணக்கிட்டுக் கொடுத்தவர் அமிர்தலிங்கம். அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், ரஹாங்கில் பக்கத்துத் தெரு. அப்பாவின் தகரப் பெட்டியில் செட்டியார் எழுதிக்கொடுத்த கடிதமும் அதோடு சேர்த்துக் குத்திய ஒரு படமும் இருந்தன. படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அப்படியே அவரிடம் கொடுத்தேன். அவரும் படத்தில் கண்டதை நேர்மையாக எண்ணாக மாற்றித் தந்தார்.

அம்பு சாலைப் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். ஓடைப் பக்கம் திரும்பியது.

"கெட்டுப்போச்சுலா" என்றான் நல்லசாமி. "நாலாவது கல்லு ரோட்டோரத்துல இருக்குன்னு ஐயா ஊருக்கே சொல்லியிருக்காரு. நான் போய்ப் பாக்குறேன், நீங்க நெழல்ல ஒக்காருங்க."

அவன் பாலத்தின் வழியாக மேலே போனான். நான் உட்காரவில்லை. அம்பு காட்டிய வழியில் இறங்கினேன். அவனோடு ஏன் போகவில்லை என்று பிறகு எத்தனையோ முறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெட்டி சரியாகத்தான் சொல்கிறது என்று எனக்குள் ஏதோ அறிந்திருந்தது. அறிந்ததை அறியாததுபோல் வைத்துக்கொள்வது என் நெடுநாள் பழக்கம்.

ஓடைக்கு இறங்கும் சரிவில் ரப்பர் மரங்கள் இல்லை. மூங்கிலும் காட்டு வாழையும். முதலில் நின்றது பூச்சிகளின் சத்தம். பிறகு காற்று. மூன்று நாளாக மழை இல்லை. ஆனால் மழை அப்போதுதான் தொடங்கியதுபோல் சூடான மண் வாசனை எழுந்தது. அதற்கடியில் வேறொன்று, நனைந்த துணி உடம்போடு ஒட்டி நாள்பட்ட வாடை.

முப்பத்தாறு மீட்டர். இருபத்தொன்று. ஏழு.

ஓடைக்கரையில் ஒரு திட்டு. இரண்டு பாய் விரிக்கும் அளவு. நான் அதில் கால் வைத்தேன்.

பூஜ்யம்.

அந்த எண் அசையவில்லை. காலையிலிருந்து ஒரு நொடிகூட நிலைத்திராத எண்கள் எழுதி ஒட்டியதுபோல் நின்றன. நான் இரண்டடி தள்ளிப் பார்த்தேன். பூஜ்யம். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தேன்.

பூஜ்யம்.

அப்போதுதான் மண்ணைப் பார்த்தேன். உச்சி வெயில், எந்த மூங்கிலுக்கும் நிழல் காலடியைத் தாண்டவில்லை. ஆனால் திட்டின் குறுக்கே மெல்லிய நேர்கோடாக ஒரு நிழல் நீளமாக விழுந்திருந்தது. அது தொடங்கும் இடத்தில் கம்பு எதுவும் இல்லை.

கோட்டின் அடியில் இரண்டு பாதங்கள். பக்கத்தில் பக்கத்தில், ஒன்றுபோல, கணுக்கால் ஆழத்துக்கு. நடந்துபோன தடமல்ல. நின்ற தடம். மிக நேரம் நின்ற தடம்.

என் இடது காதுக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"கூப்டீங்களாய்யா?"

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

குரலில் கோபம் இல்லை. அழுகை இல்லை. நாள் முழுக்க வேலை செய்த ஒருத்தியின் களைத்த, மரியாதையான குரல்.

"போலாமுங்களா?"

அந்த நிமிடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது என்று சொல்வது பொய். அது எப்போதும் அங்கேதான் இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தேன், அவ்வளவே.

எனக்குப் பதினேழு வயது. பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிக்கொண்டு மழை. அப்பா நனைந்து வந்து முன்விறாந்தையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. ஓடை இரைவது வீடுவரை கேட்டது. இடி விழும்போதெல்லாம் அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒருமுறை மெல்லச் சொன்னார்.

"இன்னும் நிண்டுகொண்டிருப்பாளோ?"

"ஆர்?" என்றாள் அம்மா.

"ஒருத்தருமில்லை. நீ விளக்கைக் கொளுத்து."

இரண்டு நாள் கழித்து லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது. நான் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடியும் பிரித்து வைத்தேன். பதினேழு வயதில் அதைச் செய்வது கடினமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது திட்டில் நின்றபோது மிச்சமும் விளங்கியது. செட்டியார் கொடுத்த மூலை இதுதான், இந்த ஓடைக்கரை. ராக்கம்மாவை அப்பா காலையில் இங்கே நிறுத்தினார். பிறகு சாலையோரம் நின்ற சர்வேயரைப் பார்த்து அவருக்கு ஓர் ஆசை வந்தது: எல்லையை ஓடைக்கு அந்தப் பக்கம், சாலைவரை தள்ளிவிட்டால் என்ன? வேறொரு ஆளிடம் வேறொரு கம்பைக் கொடுத்துச் சாலையோரம் நிறுத்தினார். மழை வந்தது. அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் கீழேயிருந்து இன்னொருத்தி இன்னொரு கம்போடு ஏறி வந்தால் சர்வேயர் கேட்பார், அங்கே ஏன் ஒரு ஆள் என்று. சர்வேயர் போகட்டும், பிறகு கூப்பிடலாம் என்று நினைத்திருப்பார். சர்வேயர் போவதற்குள் ஓடை வந்துவிட்டது.

அந்தக் கல்லை யாருக்காக நட்டார்? சீதனம் கொடுக்க வழியில்லாத மகளுக்கு ஒரு நிலமாவது சாலையைத் தொட்டதாக இருக்கட்டும் என்று. எனக்காக.

"ஐயா... போலாமுங்களா?"

இரண்டு சொற்கள். ராக்கம்மா, வா. என் தொண்டையில் அவை தயாராக இருந்தன. அவளுக்கு ஐயாவின் குரல் வேண்டாம், அந்த வீட்டுக் குரல் ஒன்று போதும் என்பதும் எனக்கு எப்படியோ தெரிந்தது.

மேலேயிருந்து நல்லசாமி கத்தினான்.

"டீச்சர்! கல்லு இருக்கு! ரோட்டோரந்தான்! ஐயா சொன்ன எடத்துலயே இருக்கு!"

நெஞ்சில் எழுந்தது பயமல்ல. மகிழ்ச்சி. அதை மறைக்கமாட்டேன். அந்த வாடைக்கு நடுவே, அந்த மூச்சுக்கு ஓரடி பக்கத்தில், கிழக்குப் பார்த்த சமையலறை எனக்குத் தெரிந்தது.

நான் இங்கே ஒரு பெயரைக் கூப்பிட்டால் அவன் காதில் விழும். ஓடி வருவான். ஏன் என்று கேட்பான். நான் வாயை மூடிக்கொண்டேன். பயத்தில் ஊமையாகிவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள்கூட நம்ப முடியவில்லை.

பெட்டியை அணைத்துவிட்டுச் சரிவில் ஏறினேன். பத்தடி போயிருப்பேன். பின்னாலிருந்து, பணிவாக:

"சரிங்கய்யா."

புதன்கிழமை சர்வேயர் வந்தார். திருநாவுக்கரசு என்று பெயர், முப்பது வயதுகூட இராது. சாலையோரக் கல்லைத் தட்டிப் பார்த்து, "பழைய கல்லு அசையாம இருக்கு, நல்லதாப் போச்சு டீச்சர்" என்றார். முக்காலியை விரித்துக் கருவியை அதன்மேல் பூட்டினார். நல்லசாமி இடையில் வளர்ந்திருந்த செடிகளை வெட்டிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். நான் நிழலில் நின்றேன்.

திருநாவுக்கரசு கண்ணை வைத்துப் பார்த்தார். தலையை நிமிர்த்தி வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

"கீழ ஓடைகிட்ட ஒரு அம்மா சர்வே கம்பு புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்களே, ஒங்க ஆளா?"

"யாருமில்லையே" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியல. இதுல தெரியுது. நல்லா நேரா புடிச்சிருக்காங்க. எங்க பசங்களே இவ்ளோ நேரா புடிக்க மாட்டானுங்க." சிரித்தார். "ஆனா அது எங்க ஆபீசு கம்பு இல்லையே. மரத்துல செஞ்சது. பழசு."

"நான் பாக்கலாமா?" என்றான் நல்லசாமி.

அவன் குனிந்து கண்ணை வைத்தான். முதலில் அவன் கை துண்டை முறுக்கிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அவன் முதுகைத்தான் நான் பார்த்தேன். முப்பத்தொரு வயது ஆணின் அகன்ற முதுகு என் கண்முன்னே ஒன்பது வயதுப் பிள்ளையின் முதுகாகச் சுருங்கியது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சனிக்கெழம நீங்க அங்கதான நின்னீங்க."

நான் சாலையோரக் கல்லைப் பார்த்தேன்.

"அது ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கலியா?"

"இல்ல."

பாராங்கைப் போட்டுவிட்டுச் சரிவில் இறங்கி ஓடினான். மூங்கில் அவனை மறைத்தது. குரல் மட்டும் வந்தது.

"அம்மா! வாம்மா! போதும், வா!"

மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் உடைந்தது. திருநாவுக்கரசு கருவியில் கண்ணை வைத்தபடியே இருந்தார். அவர் காதோரம் வெளுத்திருந்தது.

"அந்த அம்மா அவரப் பாக்கவே இல்ல" என்றார் மெதுவாக. "மேல பாக்குறாங்க. டீச்சர்... ஒங்களத்தான் பாக்குறாங்க."

நல்லசாமி முழங்கால்வரை சேற்றோடு மேலே வந்தான். என் முன்னால் வந்து நின்றான். சர்வேயர் காதில் விழாதபடி, கெஞ்சும் குரலில் பேசினான்.

"நான் கூப்புட்டா வரல டீச்சர். நான் கிராணி வூட்டு ஆளு இல்லல்ல. நீங்க ஒரு வாட்டி கூப்புடுங்க. கல்லு எங்க வேணா இருக்கட்டும். மண்ணு எனக்கு வேணாம். நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வாட்டி."

திருநாவுக்கரசு கையில் பேனா இருந்தது. ஏடு திறந்திருந்தது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான்காவது வரி இன்னும் எழுதப்படவில்லை.

"யாரை?" என்றேன் நான்.

நல்லசாமி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தகுதியில்லை. பாராங்கை எடுத்துச் சாக்கில் சுற்றினான். மோட்டாரை உதைத்தான். சத்தம் செம்மண் சாலையில் தேய்ந்து மறைந்தது.

"எழுதுங்க தம்பி" என்றேன். "கல்லு இருக்கிற எடம் இதுதான்."

அடுத்த வருடக் கடைசியில் வீடு எழுந்தது. சின்ன வீடு. இரண்டு அறை, கிழக்குப் பார்த்த சமையலறை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இரண்டு வைத்தேன். முதல் இரவு இரண்டையும் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் நின்று சத்தமாக என் முழுப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். மங்கையற்கரசி. நன்றாகத்தான் இருந்தது.

நல்லசாமி லயத்தைக் காலி செய்துவிட்டுச் செண்டாயான் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். பாலத்தில் இப்போது யாரும் வெற்றிலை வைப்பதில்லை. ஓடைக்கரையில் விளக்கு வைக்கவும் அவன் வரவில்லை. அது என் நிலமாயிற்றே.

வரைபடம் முத்திரை வாங்கிவிட்டது. இனி எவர் எதைச் சொன்னாலும் கல் நகராது. இப்போது கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் போகாது. அப்படியானால் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பீர்கள். நானும் தினமும் பின்கதவுவரை போகிறேன். வாயைத் திறக்கிறேன். இன்றைக்குக் கூப்பிட்டால் நேற்றே கூப்பிட்டிருக்கலாம் என்பது உண்மையாகிவிடும். நேற்றைக்கு முந்தினநாளும். அந்தச் சனிக்கிழமையும். ஒவ்வொரு நாளும் பேசாமல் இருந்த நாட்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு நாளும் அந்த இரண்டு சொற்கள் கனத்துக்கொண்டே போகின்றன. அப்பாவும் இப்படித்தான் சாகும்வரை பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்திருப்பார். அவரை நான் வெறுக்கத் தொடங்கியது இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான். அவரைப் புரிந்துகொண்டதும் இங்கேதான்.

போன மார்ச் மாதம். மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. புல்லெல்லாம் கருகிக் கிடந்தது. ஓடையில் மணல்தான் தெரிந்தது. காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். புதியவர். பாலத்தருகே மோட்டாரை நிறுத்திவிட்டுக் குறுக்குப் பாதையில் ஏறி வந்திருந்தார். கடிதத்தை நீட்டியபோது அவர் முகத்தில் கோபம்.

"பின்னால நிக்கிறாங்களே ஒரு அம்மா, ஒங்க வேலையாளுங்களா?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"வயசானவங்க, இப்புடித் தொப்புத் தொப்புன்னு நனைய வுட்டிருக்கீங்க. நான் என் கொடையக் குடுத்தேன். வாங்க மாட்டேங்கிறாங்க. வூட்டுல கூப்புடட்டும், அப்புறம் வர்றேன்றாங்க." அவர் என் தோளுக்கு மேல் வீட்டுக்குள் பார்த்தார், இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று. "கூப்புடுறதுக்கு என்னங்க கேடு?"

வெயில் முற்றத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். குடையை மடக்கி உதறினார்.

என் முகத்தில் நீர் தெறித்தது.